பள்ளி வேனில் வந்த வாடை: பிள்ளைக்கு ஏன் மலம் கட்டுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

நான் மலேசியாவில், பினாங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஃபார்லிமில் தொடங்கி ஆயர் ஈத்தாம், கிரீன் லேன், ஜெலுத்தோங் என்று காலையில் 13 பிள்ளைகள். ஒரு புதன்கிழமை மதியம் கிரீன் லேன் நெரிசலில் நிற்கும்போது பின்னாலிருந்து வாடை வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுச் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். என் மகன். ஏழு வயது, முதலாம் ஆண்டு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளாடையில் குழைந்த மாதிரி கொஞ்சம் மலம். மறுநாளும் அதே கதை. வயிற்றுப்போக்கு என்று முடிவுகட்டிவிட்டேன். ஒரு கிளினிக்கில் போக்கை நிறுத்தும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், பாலிக் பூலாவிலிருந்து வாங்கி வைத்திருந்த ஜாதிக்காயை இழைத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் பையனுக்கு வயிறு உப்பி, சோற்றைக் கண்டாலே தள்ளிவிட ஆரம்பித்தான்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் அவனைப் படுக்க வைத்து அடிவயிற்றின் இடப்பக்கத்தை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். பிறகு என் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் உருண்டை உருண்டையாகக் கல் போல இருந்தது. “இவனுக்குப் போக்கு இல்லைங்க அம்மா. கட்டிப்போய்க் கிடக்கு. அதைச் சுற்றிக்கொண்டு வழிவதைத்தான் நீங்க போக்குன்னு நினைக்கிறீங்க” என்றார். நாங்கள் ஒரு வாரமாக அடைப்புக்கு மேல் அடைப்பு வைத்துக்கொண்டிருந்தோம்.

இதை எழுதுவதே அந்த ஒரு வாரத்துக்காகத்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தினமும் போகவில்லை என்பதால் மட்டும் மலச்சிக்கல் ஆகிவிடாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை சில நாள் போகாமல் இருந்து, பிறகு இளக்கமாகப் போனால் அதில் தப்பில்லை. பள்ளி வயதுப் பிள்ளையிடம் கவனிக்க வேண்டியவை வேறு. வாரத்துக்கு இரண்டு தடவையோ அதற்குக் குறைவாகவோ போவது. போகும்போது வலிப்பது. தண்ணீர் ஊற்றினாலும் இறங்காமல் கக்கூஸை அடைக்கும் அளவுக்குப் பெரிதாக வருவது. உள்ளாடையில் கறை படுவது. வேண்டுமென்றே அடக்குவது. இவற்றில் குறைந்தது இரண்டு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட மலச்சிக்கல் என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடக்குவதைக் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. என் மகன் சோபாவுக்குப் பின்னால் போய் நிற்பான். கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எழும்பி, முகம் சிவந்துபோய் நிற்பான். “பாவம், முக்குறான், வரமாட்டேங்குது” என்பார் அத்தை. நானும் அப்படித்தான் நம்பினேன். அவன் செய்தது நேர் எதிர். வருவதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். வெளியே தள்ள நினைக்கும் பிள்ளை குந்தும், குனியும்; காலை இறுக்கிக்கொண்டு விறைப்பாக நிற்காது.

கறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “உனக்குத் தெரியாமலா வரும்?” என்று அவனை வேனிலேயே திட்டியிருக்கிறேன். “தெரியலம்மா” என்பான். பொய் என்று நினைத்தேன். மலக்குடல் நிரம்பிப் பல வாரம் கிடந்தால் அது பையைப் போல விரிந்துவிடும், விரிந்தபின் ‘வருகிறது’ என்ற உணர்ச்சியே மங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. அப்போது அவனுக்கு இரவில் படுக்கை நனைவதும் உண்டு. நிரம்பிய குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தினால் அப்படி ஆகுமாம். குடல் காலியானதும் அதுவும் குறைந்தது.

டாக்டர் ஒரு படத்தாள் கொடுத்தார். 1997-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் வெளியிட்டது. மலத்தை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறது. பையனும் நானும் அதற்கு எங்கள் பெயர்களை வைத்தோம். ஒன்றாம் வகை தனித்தனி உருண்டை: கச்சாங் பூத்தே, அதாவது கொறிக்கும் கடலை. இரண்டு, உருண்டைகள் ஒட்டிய கட்டை. மூன்று, மேலே வெடிப்பு விட்டது. நான்கு, வழவழவென்று பீசாங் பழம், அதாவது வாழைப்பழம். ஆறு கஞ்சி, ஏழு வெறும் தண்ணீர். ஐந்துக்கு மட்டும் பெயர் கிடைக்கவே இல்லை. முதல் இரண்டும் மலச்சிக்கல். மூன்றும் நான்கும் நல்லது. கச்சாங் பூத்தேயா பீசாங்கா என்று கேட்டால் வெட்கப்படாமல் பதில் வரும். “இன்னிக்கு நல்லா போனியா?” என்று கேட்டால் எந்தப் பையனும் “ம்” என்றுதான் சொல்வான்.

தொடங்கிய நாளைத் தேடுங்கள்

இப்படிக் கட்டும் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் வேறு நோய் எதுவும் இருக்காது. ஒரு நாள் வலித்திருக்கும். வலித்த பயத்தில் அடுத்த தடவை அடக்கும். அடக்கியது உள்ளேயே கிடக்கும், பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலும் இறுகும், மேலும் பெரிதாகும், மேலும் வலிக்கும். செக்குமாடு போல இதே சுற்று. அதனால் ‘என்ன சாப்பிட்டான்?’ என்பதை விட ‘எப்போது முதல் பயந்தான்?’ என்ற கேள்விதான் சீக்கிரம் காரணத்தைக் காட்டும்.

பொதுவாக மூன்று சந்திகளில் இது தொடங்கும். பாலிலிருந்து சோற்றுக்கு மாறும்போது, கக்கூஸ் பழக்கும்போது, பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது. தாமதமாகப் பழகுகிறானே என்று இரண்டு வயதிலேயே உட்கார வைத்து அதட்டினால் அந்தப் பிள்ளை அடக்கக் கற்றுக்கொள்ளும். காய்ச்சலில் நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்து எழும்போது வரும் முதல் கட்டி மலமும் போதும்; ஆசனவாயில் கீறல் விழுந்து, மலத்தின்மேல் கோடு போலச் சிவப்பு ரத்தம் தெரியும். வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது, தாத்தாவோ பாட்டியோ இறப்பது போன்றவற்றையும் டாக்டர் கேட்டார்.

என் மகனுக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க ஒரு தாளில் அவன் நாளை மணிவாரியாக எழுதினேன். காலை 5:30-க்கு எழுப்பல். 5:55-க்கு வேன். ஓட்டுவது நான் என்பதால் அவன்தான் முதலில் ஏறுபவன், கடைசியில் இறங்குபவன். இங்கே விடியவே ஏழு மணிக்கு மேல் ஆகும். அந்த இருட்டில் யாருக்கு வயிறு விழிக்கும்? பசியாறல் வேனில்தான்: ஒரு பன், ஒரு பாக்கெட் மைலோ. 7:30-க்குப் பள்ளி. ஓய்வு நேரம் 20 நிமிடம், அதில் பாதி சிற்றுண்டிச் சாலை வரிசையில் போய்விடும். வீடு திரும்ப 2:15. எழுதி முடித்துப் பார்த்தேன். பையன் நிம்மதியாகக் கக்கூஸில் உட்கார, எழுந்ததிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் இடமே இல்லை. காரணத்தைச் சாப்பாட்டுத் தட்டில் தேடிக்கொண்டிருந்தேன். அது என் வேன் அட்டவணையில் இருந்தது.

இன்னொரு துப்பு தண்ணீர்ப் புட்டி. தினமும் நிரப்பி அனுப்பியது நிரம்பியே திரும்பி வந்தது. ஏன் குடிக்கவில்லை என்று ஒரு வாரம் கேட்டும் பதில் இல்லை. ஒரு நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னான். குடித்தால் ஒன்னுக்கு வரும், ஒன்னுக்கு வந்தால் அந்தக் கக்கூஸுக்குப் போக வேண்டும். பள்ளியில் இருப்பது குந்தும் கக்கூஸ். கதவில் தாழ்ப்பாள் இல்லை, தரை முழுக்க ஈரம், பெரிய பையன்கள் கதவைத் தள்ளுகிறார்கள். வீட்டில் அவன் பழகியது உட்காரும் கக்கூஸ். உங்கள் பிள்ளையிடமும் இருட்டில் கேட்டுப் பாருங்கள். பகலில் முகத்தைப் பார்த்துக் கேட்டால் வராது.

மற்ற வீடுகளில் காரணம் வேறாக இருக்கலாம். ஒரு காலத்தில் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்ட ஒரு பிள்ளை நாளுக்கு ஐந்து பாட்டில் பால் குடித்தது. ஒரு பாட்டில் 240 மில்லி என்றால் ஒரு லிட்டருக்கு மேல். அதற்குப் பிறகு சோற்றுக்கும் காய்க்கும் வயிற்றில் ஏது இடம்? ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு அரை லிட்டர் அளவில் நிறுத்தச் சொல்கிறார்கள். சில குழந்தைகளுக்குப் பசும்பாலின் புரதமே ஒத்துக்கொள்ளாமல் மலம் கட்டும். ஆனால் அதை டாக்டர் சொல்லாமல் நாமே முடிவு செய்து பாலை முழுக்க நிறுத்தக் கூடாது. இரும்புச்சத்து சிரப், தூக்கம் வரவைக்கும் சில சளி மருந்துகள், கோடீன் கலந்த மருந்துகள் ஆகியவையும் கட்டும். எனவே பிள்ளை குடிக்கும் எல்லா மருந்துப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பிறந்த முதல் மாதத்திலிருந்தே கட்டுகிறது, அல்லது பிறந்தபின் முதல் கறுப்பு மலம் 48 மணி நேரத்துக்குள் வரவில்லை என்றால் கட்டாயம் சொல்லுங்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் அப்படித்தான் தலைகாட்டும். அதற்கு அறுவை சிகிச்சை தேவை. பச்சையாக வாந்தி எடுப்பதும், வயிறு பறை போல் வீங்குவதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. எடை ஏறாமல் நிற்பது, மலம் நாடா போல மெலிந்து வருவது, கால் தளர்வது, நடை மாறுவது, முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மலம் கட்டும், கூடவே பிள்ளை மந்தமாகவும் வளர்த்தி குறைந்தும் இருக்கும். குழந்தை பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். எடைக் கணக்கெல்லாம் அதில் இருக்கும்.

முதலில் காலி செய்ய வேண்டும்

பப்பாளி, உலர்திராட்சை, கீரை என்று அடைத்திருக்கும் வயிற்றுக்குள் மேலும் திணிப்பதால் அடைப்பு இறங்காது, வயிறுதான் உப்பும். வடிகால் அடைத்திருக்கும்போது மேலே குழாயைத் திறப்பது போல. கட்டிக் கிடப்பதை மருந்தால் இளக்கி வெளியேற்றிய பிறகுதான் சாப்பாட்டு வைத்தியம். என் மகனுக்கு மேக்ரோகோல் என்ற பொடியை எழுதினார்கள். தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அது உடம்பில் கலப்பதில்லை. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு குடல் வழியாகவே போய்விடும். சிலருக்கு லாக்டுலோஸ் சிரப் தருவார்கள், தித்திப்பாக இருக்கும், கொஞ்சம் வாயு சேரும். அளவு பிள்ளையின் எடைக்கும் நிலைமைக்கும் ஏற்ப மாறும், அதனால் எங்கள் அளவை இங்கே எழுதவில்லை. ஒன்று சொல்லலாம்: காலி செய்யும் அந்தச் சில நாட்களில் கறையும் ஒழுகலும் முன்பை விட அதிகமாகும். பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்வது நல்லது.

அத்தைக்கு விளக்கெண்ணெய் மேல் அபார நம்பிக்கை. அவர் காலத்தில் மாதம் ஒரு முறை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களாம். நான் மறுத்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை. விளக்கெண்ணெய் குடலை முறுக்கித் தள்ளும். ஏற்கனவே வலிக்குப் பயந்து அடக்கும் பிள்ளைக்கு அந்த முறுக்கல் இன்னொரு வலி. வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது இரண்டும் வேண்டாம். சோப்பு உள் தோலைப் புண்ணாக்கும். அதை விட, வலிக்கும் இடத்தில் இன்னும் ஒருவர் கை வைக்கிறார் என்ற பயம் பிள்ளைக்கு ஏறிவிடும். வயிற்றில் எண்ணெய் தடவி நீவுவதை மட்டும் அத்தைக்கு விட்டுக்கொடுத்தேன். கெடுதல் இல்லை, பையனுக்குப் பிடித்திருந்தது, அவருக்கும் கோபம் தணிந்தது.

“தினமும் மருந்து கொடுத்தால் குடல் பழகிவிடுமே?” என்று நானும் பயந்தேன். அந்தப் பயத்தில் மூன்றாவது வாரம், பீசாங் பழம் தினமும் வருகிறதே என்று மருந்தை நானாகவே நிறுத்தினேன். பத்து நாளில் மறுபடி சோபாவுக்குப் பின்னால் நின்றான். மேக்ரோகோல் குடலைச் சோம்பேறி ஆக்குவதில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மலம் இளக்கமாகவே வந்தால்தான் பிள்ளை வலியை மறக்கும். நாங்கள் ஒன்பது மாதம் கொடுத்தோம். கடைசி இரண்டு மாதம் அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.

உட்கார வைப்பது

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். சாப்பாடு முடிந்து கால் மணி அரை மணிக்குள் ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். அதற்கு மேல் தண்டனை ஆகிவிடும். கால் தொங்கக் கூடாது. கோப்பிக் கடையில் போடும் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியின் குட்டி வகை ஒன்றை வாங்கிக் காலடியில் வைத்தேன். முட்டி இடுப்பை விட மேலே இருக்க வேண்டும், உடம்பு கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். மலக்குடலைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் தசை அப்போதுதான் தளர்ந்து வழி நேராகும். குந்தும் கக்கூஸில் இது தானாக நடக்கும். பையன் பயந்த அதே கக்கூஸ்தான் இந்த விஷயத்தில் கெட்டிக்காரக் கக்கூஸ். முக்கத் தெரியாத பிள்ளைக்குப் பலூன் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். வயிறு தானாக இறுகும். கைத்தொலைபேசி வேண்டாம், உட்கார்ந்ததையே மறந்துவிடும். வந்ததற்குப் பரிசு கொடுக்காமல் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள். வருவது பிள்ளை கையில் இல்லை.

காலை அவசரத்தைக் குறைக்க, வழியில் மிகத் தள்ளி இருந்த இரண்டு பிள்ளைகளை வேறொரு வேன்காரரிடம் ஒப்படைத்தேன். மாத வருமானத்தில் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. 25 நிமிடம் கிடைத்தது. ஆனால் நாட்காட்டியில் குறித்து வந்ததைப் பார்த்தால், அவனுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது! காலையில் ஒரு நாளும் வந்ததில்லை. அந்த 25 நிமிடத்தில் அவன் இட்லியை மென்று சாப்பிடுகிறான், அதுவரை லாபம். முதலில் இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள், அப்புறம் எதையும் மாற்றுங்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியையிடம் தனியாகப் பேசினேன். ஓய்வு நேரக் கூட்டத்துக்கு முன்பே, பாட நடுவில், மேசையில் ஒரு அட்டையை வைத்துவிட்டு அவன் எழுந்து போகலாம் என்று ஏற்பாடு. எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிக் கேட்க வேண்டியதில்லை. தாழ்ப்பாள் விஷயத்தைப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கிளப்பினோம். தாழ்ப்பாள் வர இரண்டு பள்ளித் தவணை ஆனது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். பிள்ளையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் நாளுக்குத் தேவையான நார்ச்சத்து கிராம் கணக்கில் வரும். ஏழு வயதுக்கு 12 கிராம். வெள்ளைச் சோறு, ரொட்டி சானாய், மெகி மீ எல்லாம் இதில் கணக்குக்கே வராது. அரைக் கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. கச்சாங் பூத்தேயை கச்சாங் பூத்தேயால்தான் விரட்ட வேண்டும் என்று என் மகன் கண்டுபிடித்துச் சொன்னான். கொய்யா, தோலோடு ஆப்பிள், பப்பாளி, பாயாம் கீரை எல்லாம் சந்தையில் மலிவாகவே கிடைக்கும். தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்க வைப்பதால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. வழக்கமான அளவு உள்ளே போகிறதா என்று பார்த்தால் போதும். புட்டி காலியாக வந்தாலே அரை வேலை முடிந்த மாதிரி.

பயணம், காய்ச்சல், நீண்ட விடுமுறை, தீபாவளி வாரம் ஆகியவற்றில் பழையபடி கட்டப் பார்க்கும். இரண்டு நாள் கச்சாங் பூத்தே தெரிந்தால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல் டாக்டர் சொல்லியிருக்கும் அளவில் மருந்தைத் திரும்பத் தொடங்கிவிடுகிறோம்.

இப்போது வேனின் கடைசி இருக்கைக்குப் பின்னால் ஒரு நீலப் பை இருக்கிறது. உள்ளே இரண்டு அளவில் கால்சட்டை, உள்ளாடை, ஈரத்தாள், கட்டிப்போட நெகிழிப் பை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஏன் என்று நான் கேட்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் வேறொரு பையன் எடுத்தான். அவன் அம்மாவுக்கு அன்று இரவே போன் போட்டேன்.